கல், ஹாரன், ரெண்டு எண்ணி இடது

செய்தி வந்தபோது நான் ஒரு காருக்குள் அடைபட்டிருந்தேன். கொழும்புக்கு வெளியே நான் வேலை செய்யும் கராஜில் கழுவுவதற்காக நிறுத்தியிருந்த வண்டி அது. பிரேக் மிதியைப் பார்க்கலாம் என்று உள்ளே ஏறியிருந்தேன். நான் இருப்பதைக் கவனிக்காமல் நுரையை அடித்துவிட்டார்கள். நாலு பக்கக் கண்ணாடியும் வெள்ளை. கதவைத் திறந்தால் நுரை உள்ளே வரும். கழுவி முடியட்டும் என்று போனை எடுத்தேன். சௌந்தரின் மனைவி புவனாவின் குரல் செய்தி ஒன்று வந்திருந்தது.

“கண்டாக்கையா, நான் புவனா பேசுறேன். ஒங்க பிட்டரு இன்னைக்குக் காலையில போயிட்டாரு. நெஞ்சு வலி. நாளைக்கு எடுக்கிறோம். வந்துருங்க.”

நுரை வழிந்து முடிந்து வெளிச்சம் வந்த பிறகும் நான் இறங்கவில்லை. ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

சௌந்தரை உங்களுக்கெல்லாம் தெரியும். திம்புள்ளைப் பக்கத்தில் நம் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேரையாவது தன் வெள்ளைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார். அதே காரில் ரெலி, அதாவது கார்ப் பந்தயம், ஓட்டியவர். அந்த ஓட்டங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழிக்குறிப்பு வாசித்தவன் நான். அப்போது நான் அதே தோட்டத்தில் கண்டாக்கு, மலைவேலையை மேற்பார்க்கிறவன். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும், முந்தின நாள் முற்றல் இலை பறித்தவர் யார், நேரம் கழித்து வந்தவர் யார் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வதும் என் உத்தியோகம். நானும் சௌந்தரும் நண்பர்கள் என்று நான் சொல்லிக்கொள்வேன். அவர் கடைசிவரை என்னைக் கண்டாக்கையா என்றுதான் கூப்பிட்டார்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. முனி கல்லுக்கு ஹாரன் அடிக்கப் போய்க் காரைக் கவிழ்த்தவர் என்று. சந்திக் கடையில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. அந்தக் கதை பொய். எட்டு வருடம் அது பொய் என்று தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரைத்தான் இப்போது புதைத்துவிட்டோம்.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்கிறேன். மூன்று பேர் கைமாறி வந்த சின்ன ஜப்பான் கார். கொழும்புக் கிளப் ஒன்று வருடத்துக்கு ஒரு முறை தோட்டத்து ரோடுகளில் ரெலி நடத்தும். அதில் சாதாரண ரோட்டுக் கார்களுக்கு ஒரு பிரிவு உண்டு. ஆயிரம் பேர் பார்க்க அந்த ஓட்டம் நம் மேல்பிரிவு ரோட்டில் முதல் தடவை நடந்தபோது சௌந்தர் பார்த்துக்கொண்டு நின்றார். மறுவாரம் காரைப் பிரிக்கத் தொடங்கினார். தரை விரிப்பு, கதவு அட்டை, கூரைத் துணி, ரேடியோ எல்லாம் வெளியே வந்தன. கழற்றிய ஒவ்வொன்றையும் கொழுந்து மடுவத்துக்குத் தூக்கி வந்து கொழுந்து நிறுக்கிற தராசில் மாட்டினார். “விரிப்பு மட்டும் ஆறு கிலோங்க. ஒரு ஆளு காலையில பறிக்கிற கொழுந்த நான் சும்மா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்” என்றார். பெரிய துரை பார்த்திருந்தால் எங்கள் இருவருக்கும் சீட்டுக் கிழிந்திருக்கும்.

எஞ்சினில் அவர் அதிகம் கைவைக்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினார். பிரேக்குக்காக ஒரு மாதம் செலவழித்தார். எண்ணெய்ச் சட்டியைக் கல் அடிக்காமல் இருக்க, பெக்டரியில் கழித்துப் போட்ட தகடு ஒன்றை வளைத்து அடியில் பூட்டினார். “ஓடுறது காரோட வேல. நிக்கிறதுதான் நம்ம வேல” என்பார். இறக்கத்தில் மூன்றாவது கியரில் வந்து, தரையில் அவர் போட்ட சுண்ணாம்புக் கோட்டில் முன்சக்கரம் படும்படி நிறுத்திக் காட்டுவார். பத்துத் தடவை நிறுத்தினால் பத்துத் தடவையும் கோட்டின் மேல். அவர் கால் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவிழ்ந்தால் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புப் பைப்பால் ஒரு கூண்டு கட்ட வேண்டும் என்பது கிளப்பின் விதி. முதலில் தண்ணீர்ப் பைப்பில் கட்டினார். சோதிக்க வந்த ஆள் சாவியால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த வருடம் ஓட விடவில்லை. சௌந்தர் முழுவதையும் அறுத்து எடுத்துவிட்டு, மூட்டு இல்லாத கனத்த பைப் தேடிப்பிடித்து மறுபடி கட்டினார். பைப்பை வளைக்கும்போது ஒடுங்காமல் இருக்க உள்ளே காய்ந்த மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துச் சூடு காட்டி வளைத்தார். அந்த மணலை வறுத்துக் கொடுத்தது புவனா, சோறு வடிக்கிற சட்டியில். கூண்டு நிமிர்ந்து நின்றதும் நான் கேலி செய்தேன். “ஜெயிலுக்குள்ள உக்காந்து ரேஸ் ஓடப் போறோமா?” அவர் சிரிக்காமல் சொன்னார்: “இதுக்குள்ள இருந்தா வெளிய வரலாமுங்க. இது இல்லாட்டித்தான் உள்ளயே இருக்கணும்.”

சிக்கல் ஆஸ்பத்திரியில் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அவசரம் என்றால் அந்த ஒரு கார்தான். கூண்டுக்காகப் பின்சீட்டைக் கழற்றிவிட்டால் நோயாளியை எங்கே வைப்பது? அவர் சீட்டின் அடியை மாற்றி நாலே நட்டில் இறுக்கும்படி செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்த கையோடு பத்து நிமிடத்தில் சீட்டு திரும்பப் பூட்டப்பட்டிருக்கும். “இது ரோட்டுக் காருங்க. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவணும்” என்பது அவர் வைத்த விதி, கிளப்பின் எந்த விதியையும் விட அதற்குத்தான் மரியாதை. நிறைமாதமாக இருந்த செல்வி அந்தக் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே உடம்பை மடக்கி ஏறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. “என்னா பிட்டரு இது, கோழிக்கூண்டா? ஏறி முடியிறதுக்குள்ள புள்ள பொறந்துரும் போலருக்கே” என்றாள். அன்றிலிருந்து காருக்குக் கோழிக்கூண்டு என்றே பெயர். அடுத்த நாள் பார்த்தால் கம்பிகளுக்கெல்லாம் ஸ்பொஞ்ச் சுற்றிப் படங்குத் துணியால் தைத்திருந்தார்.

இனி என் வேலை. ரெலியில் காரோட்டுகிறவருக்கு அடுத்த வளைவு தெரியாது, அதுவும் நம் மலையில், மூக்குக்கு முன்னால் மூடுபனி. பக்கத்தில் இருப்பவன் முன்கூட்டியே எழுதிய குறிப்பை வாசிப்பான், அவர் அதை நம்பி ஓட்டுவார். மற்றவர்கள் மீட்டர் கணக்கில் எழுதினார்கள். நான் கண்டாக்கு அல்லவா, எனக்குத் தெரிந்த மாதிரி எழுதினேன். “ஏழாம் நம்பர் மலை முடிய வலது. மடுவம் தாண்டி நேரே. பீலிக்கரை, மெதுவா.” எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் விளங்காத பாஷை அது. சௌந்தர் போட்டது ஒரே ஒரு கட்டளை: “காருக்குள்ள ஒரு வாய்தான் பேசணும். நீங்க சொன்னா நான் திருப்புவேன். நான் கண்ணால பாத்ததக் கூட ஒங்க வாய்க்கு அப்புறந்தான் நம்புவேன்.”

மேல்பிரிவு ரோட்டில் அவருடைய முனி கல் இருந்தது. சூலமும் மஞ்சள் துணியுமாக ரோட்டோரத்தில் ஒரு கல். நம் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற எவரும் அதைச் சும்மா தாண்டுவதில்லை. சௌந்தர் ரெலியிலும் தாண்டமாட்டார். கல்லைக் கண்டதும் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார், சின்னதாக இரண்டு ஹாரன், பிறகு மிதிப்பார். அரை விநாடி போகிறது என்று நான் சண்டை போட்டேன். நான் கிறிஸ்தவன், கோயிலுக்குப் போகிற ஞாயிறுகளில் வேதம் கேட்கிறவன், எனக்கு அது கல்தான். “அந்த அரை செக்கன் அவருக்குங்க. மிச்சமெல்லாம் நமக்கு” என்றார். நானும் அதைக் குறிப்பிலேயே சேர்த்துவிட்டேன். கல்லிலிருந்து இடது வளைவுக்கு அந்த வேகத்தில் சரியாக இரண்டு எண்ணிக்கை. “கல், ஹாரன், ரெண்டு எண்ணி இடது.” நாலு வருடம் பனியோ மழையோ அந்த வரி எங்களைச் சரியாகத் திருப்பிவிட்டது. ஒருமுறை எங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தோம்.

ஐந்தாவது வருடம் மழைக்கு அந்த வளைவின் மேல்மேடு சரிந்தது. கல் புரண்டுவிட்டது. ரோட்டைத் துப்புரவாக்கியதும் ஆட்கள் பெரட்டில் வந்து கேட்டார்கள்: “முனிய எங்கங்க வைக்கிறது?” நானே நடந்து போய், வளைவுக்கு நன்றாக முன்னால், மண் உறுதியாக இருந்த மேட்டில் கைத்தடியால் ஊன்றிக் காட்டினேன். அங்கே வைத்தார்கள். சிமெண்ட் குழைத்தவர் சௌந்தர். பூசைக்கு எனக்கும் பொங்கல் வந்தது. சாப்பிட்டேன். வீட்டில் மேசை இழுப்பறையில் இருந்த குறிப்புப் புத்தகம் என் நினைவுக்கு வரவேயில்லை.

அந்த வருட ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே ரோட்டைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு கராஜ் முதலாளி வந்திருந்தார். இரண்டு ரெலிக் கார்கள் வைத்திருந்த சிங்களவர். கார் தயார்பண்ணவும் தெரிந்து, ஓட்டவும் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். சௌந்தரின் கூண்டு வேலையைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை ஓட்டம் நன்றாக இருந்தால் கொழும்புக்கு வா, வேலை தருகிறேன், இருக்க இடமும் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். முடிந்தால் என்னையும் பார்ப்பதாகச் சொன்னார். எனக்கும் மலையை விட்டு இறங்க வேண்டிய தேவை இருந்தது. என் மகள் ரூத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் மலையில் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தோட்டத்தில் உத்தியோகத்தோடு ஒட்டியதுதான் வீடு. வேலையை விட்டால் குவாட்டஸையும் விட வேண்டும். இன்னோர் இடம் கையில் இல்லாமல் எவனும் இறங்க முடியாது. எனக்கும் அப்படித்தான், அவருக்கும் அப்படித்தான். அவர் வீட்டில் பார்வை போன அப்பா வேறு.

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் முறை வந்தது. பனி ரோட்டை மூடியிருந்தது. கூண்டுக்குள் நாலு பட்டை பெல்ட்டை இறுக்கி, தலைக்கவசம் மாட்டி உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்பக்கூட இடமில்லை. மஞ்சள் விளக்கில் பத்தடி தெரிந்தது. நான் வாசித்தேன், அவர் திருப்பினார். அவ்வளவு அழகாக அவர் என்றைக்கும் ஓட்டியதில்லை. சூலம் பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. கால் எடுத்தார். இரண்டு ஹாரன். நான் சத்தமாக, நம்பிக்கையாக, “ஒண்ணு, ரெண்டு, இடது” என்றேன்.

இடதில் ரோடு இல்லை.

ஒரு முறை உருண்டு, என் பக்கம் கீழாக, மூக்குச் சரிவை நோக்கியபடி கார் நின்றது. தேயிலைச் செடிகள்தான் பிடித்து நிறுத்தின. அந்த மலைக்கு அந்த வருடம் கவ்வாத்து வெட்டவில்லை. வெட்டியிருந்தால் வெறும் கட்டைகள்தான் இருந்திருக்கும், நாங்கள் ஓடைவரை போயிருப்போம். உடைந்த கண்ணாடி வழியாகக் கிளைகள் உள்ளே வந்து என் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தன. எனக்கு மேலே சௌந்தர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கைதான் அவருக்கு எட்டியது. அந்தக் கையால் பெட்டரிச் சுவிட்சை அணைத்தார்.

“கண்டாக்கையா, கை காலு அசையுதா?”

“அசையுது.”

“அப்ப அசைக்காதீங்க. கார் இன்னும் முடிவெடுக்கல.”

முக்கால் மணி நேரம் அப்படி இருந்தோம். மூச்சை இழுத்தால்கூட இரும்பு எங்கோ முனகியது. மேலே ரோட்டில் ஆட்கள் கத்துவது கேட்டது, எங்களைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது.

“சௌந்தர், கல்லு மாறியிருக்கு.”

“தெரியுமுங்க. நான்தான சிமெண்டு போட்டேன்.”

“நான் புத்தகத்துல மாத்தல.”

அவருடைய வியர்வை ஒரு சொட்டு என் கைமேல் விழுந்தது.

“எடம் காட்டுனதே நீங்கதானங்க” என்றார் பிறகு. “மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் அழுதேன். அவர் என்னை அழ விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை மாற்றுகிறவர் போலக் கேட்டார்: “பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் கொழும்புலதான இருக்கு?”

“ஆமா.”

“அப்ப வெளிய போயி நீங்க ஒண்ணும் பேசாதீங்க. காருக்குள்ள ஒரு வாய்னு சொன்னேன்ல. அது ஒங்க வாய். இன்னைக்கு வெளியவும் ஒரு வாய்தான். அது என்னோடது.”

கயிறு கட்டி இறங்கி வந்து, கவ்வாத்துக் கத்தியால் பெல்ட்டை அறுத்து எங்களை வெளியே எடுத்தார்கள். ரோட்டில் அந்த முதலாளி குடையோடு நின்றார். யாருடைய பிழை என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சௌந்தர் முந்திக்கொண்டார். “மகே, மாத்தயா.” என்னுடையது, ஐயா. கல்லுக்கு ஹாரன் அடிக்கக் காலை எடுத்தேன், திரும்ப வைக்கும்போது சறுக்கிவிட்டது என்றார். குறிப்பெல்லாம் எழுத்துக்கு எழுத்துச் சரி, இவரைப்போல் எழுத இந்த மலையில் ஆள் இல்லை என்றும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் உயிர் பிழைத்த சந்தோஷத்தில் சிரித்தார்கள். உங்கள் கதை அங்கேதான் பிறந்தது. சுண்ணாம்புக் கோட்டின் மேல் பத்துக்குப் பத்து நிறுத்தியவர் கால் சறுக்கியது என்றார், எல்லோரும் நம்பினீர்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

முதலாளி கூண்டைக் கையால் குத்திப் பார்த்தார். ஒரு பைப்பும் வளையவில்லை. வேலை நல்ல வேலைதான், ஆனால் ஓடும்போது கும்பிடுகிறவன் எனக்கு வேண்டாம் என்றார். குறிப்பு எழுதுகிற என்னை எடுத்துக்கொண்டார், அடுத்த மாதம் நான் அவருடைய கராஜுக்குப் போனேன். ரூத் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். இப்போது கைகளால் என்னைவிட வேகமாகச் சண்டை போடுகிறாள்.

எட்டு வருடம். கொழும்பில் எனக்கு நல்ல பெயர். ரெலிக் குறிப்பு என்றால் மலைநாட்டு ஆளிடம் கேள் என்கிறார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் நான் அந்தக் காருக்குள்தான் இருப்பேன், நெஞ்சில் கிளை முட்டும். சொல்லிவிடலாம் என்று சில தடவை நினைத்ததுண்டு. முதல் வருடம் சொன்னால் வேலை போகும். மூன்றாம் வருடம் சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பார்கள். ஐந்தாம் வருடம் அவரே சிரித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்கிறாராம் என்று கேள்விப்பட்டேன். ஒரு பொய்யிலிருந்து வெளியே வரும் வாசல் ஒவ்வொரு வருடமும் ஒரு அங்குலம் ஒடுங்குகிறது. எனக்கு ஆறுதல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண் தெரியாத அப்பாவை விட்டுவிட்டு அவர் எப்படியும் இறங்கியிருக்க மாட்டார், நான் எடுத்துக்கொண்டது அவருக்குப் பயன்படாத ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பண்டிகைக்கு எடுத்துப் பேசும்போது “கார் எப்படி?” என்பேன். “திங்கக்கெழம தவறாம ஆஸ்பத்திரிக்குப் போவுதுங்க” என்பார். காரை அவர் மறுபடி நிமிர்த்தியிருந்தார். ரெலிக்குக் கேட்டால் வயசாயிருச்சு என்பார். நாற்பத்திரண்டு வயதில்.

அடக்கம் முடிந்த மாலை புவனா அடுப்படியில் தேத்தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் பெண்கள். நான் வாசலில் நின்றேன். அவர் முகத்தைத் திருப்பாமலே சௌந்தர் இறந்த காலையில் நடந்ததைச் சொன்னார்.

“வலிக்குதுன்னாரு. கார் ஓட்ட வேற ஆளில்ல, தெரியுந்தான ஒங்களுக்கு. எத்தன பேர ஏத்திக்கிட்டுப் போனவரு, தன்னத்தானே ஏத்திக்கிட்டுப் போனாரு. நான் பக்கத்துல. கல்லுக்கிட்ட வந்ததும் ஹாரன் அடிச்சாரு, ரெண்டு தரம். ஓரங்கட்டுனாரு. ஹேன்ட் பிரேக்க இழுத்தாரு. கும்பிடுறாருன்னு நெனச்சேன். ரொம்ப நேரமாக் கும்பிடுறாரேன்னு திரும்பிப் பாத்தேன்.”

கொழுந்து லொறியில்தான் அவரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கார் அங்கேயே நிற்கிறதாம், தொட யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு புவனா சொன்னதுதான் என்னை முடித்தது. “அந்த ரெலி நல்லபடியா நடந்திருந்தா நாங்க இங்க இருந்திருக்கவே மாட்டோம், கண்டாக்கையா. முந்தின வாரமே எல்லாம் கட்டியாச்சு. மூணு உரச் சாக்கு, ஒரு பெட்டி. கண்ணு தெரியாத மாமாவோட கட்டிலக் கழட்டிக் கயிறு போட்டு வச்சிருந்தோம். மாமாவையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு மொதலாளி சொல்லியிருந்தாராம். திங்கக்கெழம வேலைய விடுற லெட்டரு குடுக்கிறதா இருந்துச்சு. செவ்வாக்கெழம நான் ஒவ்வொரு சாக்கா அவுத்தேன். எட்டு வருசமா அவர வஞ்சுக்கிட்டே இருந்தேங்க. ஒங்க காலு சறுக்குனதுல எங்க பொழப்பே சறுக்கிருச்சுன்னு. சிரிப்பாரு. போன வாரங்கூட வஞ்சேன்.”

புவனாவிடமும் அவர் சொல்லவில்லை. சொந்த மனைவியிடம் எட்டு வருடம் வசை வாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறார்.

நான் சொன்னேன். நின்றபடி, எல்லாவற்றையும். கல்லுக்கு இடம் காட்டியது, புத்தகத்தைத் திருத்தாதது, ரெண்டு எண்ணியது, வாயை மூடிக்கொண்டு நின்றது. புவனா வடிகட்டியைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை.

“எங்கிட்ட சொல்லி என்னாங்க செய்ய” என்றார் கடைசியில். “நான் வஞ்சத அவருகிட்டருந்து திருப்பி வாங்க முடியுமா? ஆளுங்க தப்புச் செஞ்சா நீங்க எங்க சொல்லுவீங்க? பெரட்டுலதான? அங்க சொல்லுங்க.”

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். பனி இறங்கியிருந்தது. புதிய கண்டாக்கு, நல்ல மனிதர், எனக்கு இடம் விட்டு விலகி நின்றார். பதினாலு வருடம் நான் மற்றவர்களின் பிழையை வாசித்த அதே கல்படி. கூடையும் படங்குமாகப் பெண்கள் எதிரே நின்றார்கள். “பிட்டர் சௌந்தருடைய கால் சறுக்கவில்லை. பிழை என்னுடையது” என்று தொடங்கி, முழுவதையும் சொன்னேன். முன்வரிசையில் நின்ற செல்விதான் பேசினாள். “எம்புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு அந்த வளைவுல அவரு கூடப் போயிருக்கேன். காலு சறுக்குற ஆளா அவரு? அன்னைக்கே நான் நம்பலங்க” என்றாள். கூடைக் கயிற்றைச் சரிசெய்தபடி, “நீங்கதான்னு நெனக்கல” என்றாள். பிறகு அன்றைய வேலைக்கான மலை நம்பர்களைக் கூப்பிட்டார்கள். சிலர் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள், சிலர் பார்க்காமல் போனார்கள். பெரட்டில் இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாவியைப் புவனா கொடுத்தார். “கார எடுத்துக்கிட்டு வந்துருங்க. லயத்துக்கு யாராச்சும் ஓட்டப் பழகணும்.”

கல்லுக்குப் பக்கத்தில் கோழிக்கூண்டு ஒழுங்காக ஓரங்கட்டி நின்றது. அந்தக் காரில் ஓட்டுகிறவர் இடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முன்பெட்டியைத் திறந்தேன். என் பழைய குறிப்புப் புத்தகம் இருந்தது. அந்தப் பக்கத்தைத் தேடினேன். அவர் திருத்தவில்லை. என் எழுத்தை என் எழுத்தாகவே விட்டு வைத்திருந்தார். ஹேன்ட் பிரேக் அவர் இழுத்தபடியே இருந்தது, நல்ல இறுக்கம். இரண்டு கையாலும்தான் இறக்க முடிந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், அந்த அரை விநாடி. இனி எந்தக் கல்லைத் தாண்டினாலும் கால் எடுப்பேன், யாருக்காக என்று எனக்குத் தெரியும். அன்றும் எடுத்தேன். இரண்டு ஹாரன் அடித்தேன். கீழே போய்த்தான் காரைத் திருப்ப முடியும், அதனால் வளைவுவரை வாய்விட்டு எண்ணினேன். ஆமை வேகத்தில் ஓட்டியதால் பதினொன்று வந்தது. அவர் ஓட்டுகிற வேகத்துக்கு ஐந்து. திருப்பத்தில் நிறுத்தி, பேனாவை எடுத்து, எட்டு வருடத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்.

கல், ஹாரன், ஐந்து எண்ணி இடது.